ஜூடோ மேடை: வாசகர் கேள்வி, ஆசிரியர் தள்ளிவிட்ட பதில்

பாரிஸ் ஒலிம்பிக்கின் ஜூடோப் போட்டிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. இளமையில் ஜூடோ ஆடி, முழங்கால் மக்கர் செய்த பிறகு போட்டிகளில் நேரக் காப்பாளர் மேசையில் உட்கார்ந்தவன் என்பதால் ஆசிரியர் அந்தக் கட்டை என்னிடம் தள்ளிவிட்டார். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறேன். திட்டி எழுதியவர்களுக்கும் பதில் உண்டு.

கேள்வி: ஜூடோவில் ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு பேர் வெண்கலத்தோடு நிற்கிறார்களே, இது என்ன தாராளம்?

தாராளமெல்லாம் இல்லை. குத்துச்சண்டையிலும் இரண்டு வெண்கலம் உண்டு. ஆனால் அங்கே அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் மேற்கொண்டு சண்டையே இல்லாமல் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். ஜூடோவில் அரையிறுதியில் தோற்றால் பதக்கம் உறுதியில்லை. இன்னொருவரை வென்றாக வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

காலிறுதியில் தோற்ற நான்கு பேருக்கு மறுவாய்ப்புச் சுற்று உண்டு. ரெப்பசாஜ் என்பார்கள். நால்வரும் இரண்டு ஜோடிகளாக மோதுவார்கள். அதில் வென்ற இருவர், அட்டவணையின் எதிர்ப்பாதியில் அரையிறுதியைத் தோற்றுவிட்டு வருபவரோடு வெண்கலத்துக்கு மோதுவார்கள். அதாவது, காலையில் தங்கக் கனவு உடைந்தவர் மாலைக்குள் இரண்டு சண்டை வென்றால்தான் வெண்கலம். எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். முந்தின மாலை எடை பார்ப்பார்கள், காலையில் முதல் சுற்று, சாயங்காலம் பதக்கம்.

பாரிஸில் தனிநபர் பிரிவுகள் 14, கலப்பு அணிப் போட்டி ஒன்று. ஆக 15 தங்கம், 15 வெள்ளி, 30 வெண்கலம். அந்த முப்பதைத்தான் நான் முதலில் படிப்பேன். நேரக் காப்பாளர் மேசையில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன்: காலிறுதியில் தோற்றவரின் முகம் ஒன்று, ரெப்பசாஜுக்கு அவரைக் கூப்பிடும்போது வருகிற முகம் வேறு. சிலர் உடல் மட்டும் வந்து நிற்கும், ஆள் வந்திருக்க மாட்டார். முதல் அரை நிமிடத்திலேயே தெரிந்துவிடும். கை எதிராளியின் கழுத்துப்பட்டையைத் தேடாது, சும்மா தொங்கும். வெள்ளி வாங்கியவர் கடைசிச் சண்டையைத் தோற்றுவிட்டு மேடை ஏறுகிறார். வெண்கலம் வாங்கியவர் வென்றுவிட்டு ஏறுகிறார். பதக்க மேடையில் வெண்கலக்காரர்கள் சிரிப்பதும் வெள்ளிக்காரர் தரையைப் பார்ப்பதும் ஏன் என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: 60 கிலோ பிரிவில் ஜப்பானின் நாகயாமாவை ஸ்பெயின்காரர் ஏமாற்றித்தானே வென்றார்? நடுவர் நிறுத்தச் சொன்ன பிறகும் கழுத்தை நெரித்தவருக்கு எப்படி வெண்கலம் கொடுக்கலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகக் கடிதங்கள், அதிகக் கோபமும்.

நடந்தது இது. ஜூலை 27, காலிறுதி. ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ காரிகோஸ் தரையில் ர்யூஜு நாகயாமாவின் கழுத்தில் பிடி போட்டிருந்தார். நடுவர் ‘மாத்தே’ என்றார், அதாவது நிறுத்து. நாகயாமா அதைக் கேட்டு இறுக்கத்தைத் தளர்த்தினார். காரிகோஸ் இன்னும் சில விநாடிகள் விடவில்லை. நாகயாமா நினைவிழந்தார். நினைவிழந்தால் எதிராளிக்கு இப்போன், அதாவது முழு மதிப்பெண், ஆட்டம் முடிந்தது. எழுந்த நாகயாமா கைகுலுக்க மறுத்து, விரிப்பை விட்டு இறங்காமல் நிமிடக்கணக்கில் நின்றார்.

கழுத்துப் பிடி மூச்சை அடைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சரியாக விழுந்த பிடி மூளைக்குப் போகும் ரத்தத்தைத் தடுக்கிறது. பத்து விநாடிக்குள் விளக்கு அணைந்துவிடும். அதனால்தான் தாங்க முடியாவிட்டால் கையால் இருமுறை தட்டு என்று முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் பிடிபட்டவர் தட்டாமல் தாக்குப்பிடிப்பது கழுத்துத் தசையை இறுக்கித்தான். ‘மாத்தே’ என்றதும் தசையைத் தளர்த்துவது இயல்பு. அந்தத் தளர்ந்த கழுத்தில் பிடி நீடித்தால் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்தது.

என் தீர்ப்பைக் கேட்டால், குற்றம் நடுவர் பக்கம் அதிகம். வாயால் சொன்னால் போதாது, கேட்கவில்லை என்றால் குனிந்து தோளைத் தொட்டுப் பிரிக்க வேண்டும். அரங்கின் இரைச்சலில் காதில் விழவில்லை என்று காரிகோஸ் சொன்னதை நான் நம்புகிறேன். தரையில் முகம் புதைந்திருக்கும்போது சொந்தப் பயிற்சியாளர் கத்துவதுகூடக் கேட்காது. பிறகு அவர் நாகயாமாவை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார், இருவரும் சேர்ந்து நின்ற படம் வெளிவந்தது. காரிகோஸை வசைபாட வேண்டாம் என்று நாகயாமாவே கேட்டுக்கொண்டார். அவரே விட்டுவிட்டதை நீங்கள் ஏன் சுமக்கிறீர்கள்?

எனக்கு முக்கியம் அதன் பிறகு நடந்தது. நினைவிழந்து எழுந்த மனிதர், அநியாயமாகத் தோற்றேன் என்று கொதித்துக்கொண்டிருந்த மனிதர், அன்றே ரெப்பசாஜுக்கு வந்தார், வென்றார். வெண்கலச் சண்டையில் துருக்கியின் சாலிஹ் யில்திஸையும் வென்றார். காரிகோஸ் அரையிறுதியில் தோற்று, இன்னொரு வெண்கலத்தை வென்றார். ஆக இருவரும் ஒரே மேடையில் ஒரே உலோகத்தோடு நின்றார்கள். தங்கம் கசகஸ்தானின் யெல்டோஸ் ஸ்மெடோவுக்கு. அவர் ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம், பாரிஸில் தங்கம். கசகஸ்தானுக்கு ஜூடோவில் முதல் ஒலிம்பிக் தங்கமும் அதுதான். இவ்வளவு பெரிய சாதனை. அவரைப் பற்றி ஒரு கடிதம்கூட வரவில்லை.

கேள்வி: ஜப்பானின் உதா அபே தோற்றதும் அப்படிக் கதறி அழுதது ஒரு சாம்பியனுக்கு அழகா? அவருக்கு ஏன் மறுவாய்ப்புத் தரவில்லை?

இரண்டாவதற்கு முதலில் பதில். ரெப்பசாஜ் காலிறுதியில் தோற்றவர்களுக்கு மட்டும். உதா அபே இரண்டாவது சுற்றிலேயே உஸ்பெகிஸ்தானின் தியோரா கெல்தியோரோவாவிடம் விழுந்துவிட்டார். வாசாரி ஒன்று எடுத்து முன்னிலையில் இருந்தவர், திடீரென முதுகு தரையில் பட்டது, இப்போன். வாசாரி என்பது பாதி மதிப்பெண். இரண்டு சேர்ந்தால் முழு வெற்றி. ஆனால் எதிராளி ஒரே வீச்சில் முழு மதிப்பெண் எடுத்துவிட்டால் நீங்கள் வைத்திருந்த பாதி செல்லாக்காசு. டோக்கியோவில் ஒரே நாளில் அண்ணன் ஹிஃபுமியும் தங்கை உதாவும் தங்கம் வென்றவர்கள். பாரிஸிலும் இருவருக்கும் ஒரே நாள், ஜூலை 28. தங்கை வீழ்ந்த பிறகு அண்ணன் 66 கிலோவில் தங்கத்தைக் காத்துக்கொண்டார். அந்த மனநிலையில் எப்படிச் சண்டை போட்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அழுகையைப் பற்றி: பயிற்சியாளரைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்டது ஜப்பானிலேயே விமர்சனத்துக்கு ஆளானது. அரங்கமோ ‘உதா, உதா’ என்று குரல் கொடுத்தது. நான் அரங்கத்தின் கட்சி. தோற்றவரைக் கண்டிக்கிற வேகத்தில் வென்றவரை மறந்துவிட்டோம். கெல்தியோரோவா இறுதிவரை போய், கொசோவோவின் டிஸ்ட்ரியா க்ராஸ்னிச்சியை வென்று, உஸ்பெகிஸ்தானுக்கு ஜூடோவில் முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிக்கொடுத்தார்.

கேள்வி: முதலிடம் ஜப்பானுக்கா, பிரான்ஸுக்கா? இரண்டு செய்தித்தாள்களில் இரண்டு விதமாகப் போட்டிருக்கிறார்களே.

இரண்டும் சரி. தங்கத்தை எண்ணினால் ஜப்பான்: 3 தங்கம், 2 வெள்ளி, 3 வெண்கலம். மொத்தத்தை எண்ணினால் பிரான்ஸ்: 2 தங்கம், 2 வெள்ளி, 6 வெண்கலம். பிரான்ஸின் அந்த ஆறில் ஒன்று கிளாரிஸ் அக்பெக்னெனூவுடையது. டோக்கியோவின் தங்க மங்கை, 2022இல் மகளைப் பெற்று, 2023இல் மறுபடி உலக சாம்பியனாகி, சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் அரையிறுதியில் தோற்று, பிறகு வெண்கலத்துக்கு எழுந்து வந்தவர். இந்த வெண்கலத்தை ‘கைநழுவிய தங்கம்’ என்று எழுதிய விளையாட்டு நிருபர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

மொத்தம் 26 நாடுகள் பதக்கம் வாங்கின. தங்கம் 11 நாடுகளுக்குப் போனது. ஜூடோ ஜப்பானின் வீட்டுச் சொத்து என்ற காலம் 1964இலேயே முடிந்துவிட்டது. அந்த ஆண்டு டோக்கியோவில் ஜூடோ முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது, எடை வரம்பில்லாப் பிரிவில் நெதர்லாந்தின் ஆன்டன் ஹேசிங்க் ஜப்பானின் அகியோ காமினாகாவைத் தரையில் அழுத்திப் பிடித்து வென்றார். வென்ற கையோடு, கொண்டாட்டத்தில் விரிப்புக்குள் ஓடிவர முயன்ற தன் நாட்டுக்காரர்களைக் கையுயர்த்தித் தடுத்தார். அந்தக் கையைத்தான் ஜப்பானியர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

பாரிஸ் பட்டியலில் சின்ன நாடுகளைப் பாருங்கள். கொசோவோ ஒலிம்பிக்கில் இதுவரை வென்ற ஐந்து பதக்கங்களும் ஜூடோவில்தான்: 2016இல் ஒரு தங்கம், டோக்கியோவில் இரண்டு தங்கம், பாரிஸில் ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். எல்லாவற்றுக்கும் பின்னால் பேயா என்ற நகரமும் ட்ரிடன் குகா என்ற ஒரே பயிற்சியாளரும் இருக்கிறார்கள். குரோஷியாவுக்கு முதல் ஒலிம்பிக் ஜூடோ பதக்கத்தையே தங்கமாக வாங்கினார் பார்பரா மாட்டிச். ஸ்வீடனின் முதல் பதக்கம் 18 வயது தாரா பாபுல்ஃபத்தின் வெண்கலம். மெக்சிகோவின் முதல் பதக்கம் பிரிஸ்கா அவிட்டியின் வெள்ளி. பிறந்தது லண்டனில், தந்தை கென்யர், தாய் மெக்சிகர். கையில் உலக வரைபடம் இல்லாமல் ஜூடோ பார்ப்பது கஷ்டம்.

கேள்வி: அணி இறுதிப் போட்டியில் சுழல்சக்கரம் சரியாகப் பிரான்ஸின் டெடி ரினெரின் எடைப்பிரிவில் நின்றதே! இதை நம்பச் சொல்கிறீர்களா?

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. யாரும் மோசடி என்று நிரூபிக்கவில்லை. அணிப் போட்டி சமநிலையானால், தீர்மானிக்கும் கடைசிச் சண்டை எந்தப் பிரிவில் என்பதைச் சக்கரம்தான் சொல்லும். ஆறு பிரிவுகளில் ஒன்றுதான் வர வேண்டும், அது வந்தது. சந்தேகப்படும் எல்லாரும் அதற்கு முன்னால் நடந்ததை விட்டுவிடுகிறார்கள். ஜப்பான் பிரான்ஸுக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்தது. ஒரு சண்டை வென்றால் தங்கம். அப்போது ஜோன்-பெஞ்சமின் கபா, ஒலிம்பிக் தங்கத்தைப் புதிதாகக் கழுத்தில் மாட்டியிருந்த ஹிஃபுமி அபேயை வென்றார். அக்பெக்னெனூ மிகு தகாய்ச்சியை வென்றார். 3-3 ஆன பிறகுதான் சக்கரமே சுழன்றது. அபே தன் 66 கிலோவை விட்டு 73 கிலோப் பிரிவில் இறங்கியவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வாரம் கடிதம் வரும்.

கடைசிச் சண்டையில் ரினெர், தத்சுரு சைதோவை வென்றார். தத்சுருவின் தந்தை ஹிதோஷி சைதோ 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கிலும் கனஎடைத் தங்கம் வென்றவர். அதே இறுதியில், ஒரே மாலையில் ரினெரிடம் இருமுறை தோற்பது எந்த மகனுக்கும் கொடுமை.

கேள்வி: ரினெர் மொத்தம் எத்தனை ஒலிம்பிக் பதக்கம்?

ஏழு. ஐந்து தங்கம், இரண்டு வெண்கலம். எல்லாரும் ஐந்தைச் சொல்வார்கள். டோக்கியோ வெண்கலத்தைத் தேடிப் பாருங்கள். காலிறுதியில் தமெர்லான் பஷாயெவிடம் தோற்றார். மூன்றாவது தனிநபர் தங்கம் போயிற்று. பல்லாண்டு காலம் தோல்வியே அறியாமல் இருந்தவர், ரெப்பசாஜுக்கு வரிசையில் நின்று, பிரேசிலின் ராஃபாயெல் சில்வாவை வென்று, பிறகு ஜப்பானின் ஹராசாவாவை அவர் மண்ணிலேயே வென்றார். வேறு யாராக இருந்தாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அறைக்குப் போயிருப்பார்கள்.

கேள்வி: 57 கிலோ இறுதியை அபராதத்தால் முடித்தது அநியாயம் இல்லையா?

விதிப்படி நியாயம், பார்ப்பதற்கு அநியாயம். கனடாவின் கிறிஸ்டா தெகுச்சியும் கொரியாவின் ஹூ மிமியும் மோதினார்கள். இருவரும் ஜப்பானில் பிறந்தவர்கள். அதே ஆண்டு உலக இறுதியில் ஹூ வென்றிருந்தார். பாரிஸில் நான்கு நிமிடம் முடிந்து கோல்டன் ஸ்கோர் எனும் கூடுதல் நேரத்துக்குப் போனது. அதற்குக் கால வரம்பு கிடையாது, யாராவது ஒருவர் மதிப்பெண் எடுக்கும்வரை அல்லது மூன்றாவது ஷிடோ, அதாவது அபராதம், வாங்கும்வரை போகும். ஹூ பொய்த்தாக்குதல் செய்தார் என்று மூன்றாவது ஷிடோ கொடுத்தார்கள். மூன்று ஷிடோ என்றால் தகுதிநீக்கம். கனடாவுக்கு முதல் ஜூடோத் தங்கம், ஆனால் வென்றவரின் முகத்திலும் முழு மகிழ்ச்சி இல்லை.

பொய்த்தாக்குதல் என்பது வீசும் எண்ணமே இல்லாமல், வீசுவதுபோல் கீழே விழுந்து நேரம் கடத்துவது. அதைத் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் களைத்துப்போன ஒருவர் உண்மையாகவே முயன்று கால் தடுமாறுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நடுவரின் கண்ணில்தான் இருக்கிறது. ஒலிம்பிக் இறுதியை அந்த ஒரு கண்ணில் தொங்கவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: நான் பள்ளி மாணவி. ஜூடோவில் என்ன நடக்கிறது என்றே புரிவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

நல்ல கேள்வி, அம்மா. முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். இருவரும் எதிராளியின் சட்டைக் கையையும் கழுத்துப்பட்டையையும் பிடிக்க முயல்வார்கள். பிடித்ததை மற்றவர் உதறுவார். சண்டையில் பெரும்பகுதி இதுதான். விரல்களைக் கவனித்தால் ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை நாடா சுற்றியிருக்கும். கெட்டித் துணியை நாள் முழுக்கப் பிடித்து இழுத்தால் விரல் மூட்டு என்ன ஆகும் என்று யோசித்துப் பார். ஒருவருக்கு இரண்டு கைப்பிடியும் தனக்குப் பிடித்த இடத்தில் அமைந்துவிட்டால், உடனே கண்ணைக் காலுக்குக் கொண்டுபோ. அடுத்த ஓரிரு விநாடியில் ஏதாவது நடக்கும்.

பழக ஒரு ஆளைச் சொல்கிறேன்: ஜப்பானின் நட்சுமி சுனோதா, 48 கிலோ. 31 வயதில் பாரிஸில் தங்கம் வென்றவர். 2004இல் ர்யோகோ தானிக்குப் பிறகு இந்த எடையில் ஜப்பானுக்குத் தங்கமே இல்லாமல் இருந்தது. இவருடைய ஆயுதம் தொமோயே-நகே. பிடி கிடைத்ததும் தானே மல்லாந்து விழுவார், ஒரு பாதம் எதிராளியின் வயிற்றில் பதியும், எதிராளி தலைக்கு மேலே பறந்து அந்தப் பக்கம் விழுவார். தப்பித்துக் குப்புற விழுந்தாலோ, அதே மூச்சில் கையைப் பிடித்து முழங்கைப் பூட்டுக்குப் போய்விடுவார். இது வரும் என்று எதிரே நிற்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் விழுவார்கள்.

கேள்வி: இந்தியா?

பாரிஸில் ஒருவர்தான் போனார். +78 கிலோவில் துலிகா மான். 2022 காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்றவர். முதல் சுற்றில் கியூபாவின் இதாலிஸ் ஓர்டிஸிடம் 28 விநாடியில் தோற்றார். ‘28 விநாடி’ என்று தலைப்புப் போட்டுச் சிரித்தவர்கள், ஓர்டிஸ் நான்கு ஒலிம்பிக்கில் நான்கு பதக்கம் வாங்கியவர் என்பதை எழுதவில்லை.

நம்பிக்கை தருபவர் மணிப்பூரின் லிந்தோய் சனாம்பம். 2022இல் சரயேவோவில் கேடட் எனும் இளையோர் உலகப் போட்டியில் 57 கிலோத் தங்கம். எந்த வயதுப் பிரிவிலும் உலகப் போட்டியில் இந்தியர் வென்ற முதல் ஜூடோப் பதக்கம் அது. அவரை வளர்த்தவர் ஜார்ஜியாவிலிருந்து வந்த மமுகா கிசிலாஷ்விலி. ஜார்ஜியா பாரிஸில் ஒரு தங்கமும் இரண்டு வெள்ளியும் வாங்கிய நாடு. அங்கிருந்து ஆளை வரவழைத்தது சரியான காரியம். இன்னும் பத்துப் பேரை வரவழைக்க வேண்டும்.

கேள்வி: யூகோ திரும்பிவிட்டதாமே?

ஆம். 2017இல் ஒழித்துக்கட்டியதை 2025இல் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். வாசாரி அளவுக்குச் சுத்தமாக விழாத வீச்சுக்கு இனி யூகோ. தரையில் 5 விநாடி அழுத்திப் பிடித்தாலும் யூகோ, 10 என்றால் வாசாரி, 20 என்றால் இப்போன். எனக்குச் சம்மதம். சின்ன வீச்சுக்கும் மதிப்பெண் இருந்தால் கோல்டன் ஸ்கோர் சீக்கிரம் முடியும், ஷிடோவுக்குக் காத்திருக்கும் நிலை குறையும். நேரக் காப்பாளர்களுக்குத்தான் வேலை கூடிற்று: ஐந்தாவது விநாடியில் கண் இமைக்கக் கூடாது.